மஞ்சள் மாத்திரையும் உயிரணுவின் சாவும்

போன மாதம் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, சுண்டல் பொட்டலத்தோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நெடுநாள் உறுப்பினரான ஓர் அன்பர் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. அறுவை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கீமோ தொடங்கப் போகிறார்கள்.

"சார், நீங்க இந்தப் பாடமே நடத்தினவங்க. மஞ்சள் கேப்சூல்னு ஒண்ணு கடையில வருது. ஆன்டி-ஆக்ஸிடன்ட், உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு போட்டிருக்கான். கீமோவோட சேர்த்துக் குடுக்கலாமா?"

"சிகிச்சை பார்க்கிற டாக்டரிடம் காட்டாமல் ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மஞ்சளைப் பற்றித் தமிழனிடம், அதுவும் மட்டாஞ்சேரித் தமிழனிடம், இப்படிச் சொன்னால் முகம் வாடத்தான் செய்யும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மலர் ஆசிரியர், "காரணத்தை விளக்கமாக எழுதிக் கொடுங்களேன்" என்றார். காரணத்தை எழுத வேண்டுமென்றால் என் வீட்டுக் கதையையும் எழுதியாக வேண்டும். அதனால்தான் ஒரு மாதம் தாமதம்.

என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து, பஜார் ரோட்டில் ஒரு பண்டகசாலையில் கணக்கெழுதியவர். மிளகு, சுக்கு, மஞ்சள் மூன்றும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அப்பா மாலையில் வீடு திரும்பும்போது வேட்டிக் கரை மஞ்சளாக இருக்கும். மஞ்சள் என்றால் எல்லா மஞ்சளும் ஒன்றல்ல என்பது சிறு வயதிலேயே எங்களுக்குத் தெரியும். ஈரோட்டு மஞ்சளுக்கு ஒரு பெயர் என்றால், தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கத்திலிருந்து வந்து 'ஆலப்புழை விரலி' என்ற பெயரில் கப்பலேறிய மஞ்சளுக்கு வேறொரு பெயர். நிறத்துக்காகவே வெளிநாட்டார் அதைத் தேடி வாங்கினார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான பொருள்தான் கர்க்குமின். இன்று அந்தப் பண்டகசாலைகளில் பலவும் பழம்பொருள் கடைகளாகவும், 2012-க்குப் பிறகு பியனாலே ஓவியக் கண்காட்சிக் கூடங்களாகவும் மாறிவிட்டன. மழைக்காலத்தில் மட்டும் சுவரிலிருந்து பழைய சுக்கு வாசனை லேசாக வரும்.

நான் கணக்குப் பிள்ளை ஆகாமல் ரசாயனம் படித்து, கல்லூரியில் முப்பது ஆண்டுகள் உயிர்வேதியியல் நடத்தி 2014-ல் ஓய்வு பெற்றேன். 1990-களில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மோகம் உலகமெங்கும் பரவியபோது நானும் அதில் மயங்கினவன்தான். வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டையும் புகழ்ந்து நானே சங்க மலரில் எழுதியிருக்கிறேன். பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டாம்.

2017-ல் என் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். அறுவைக்குப் பிறகு 21 நாளுக்கு ஒரு முறை கீமோ. இரண்டு மருந்துகள். ஒன்று டாக்ஸோரூபிஸின், மற்றது சைக்ளோபாஸ்பமைடு. முதலாவது நல்ல சிவப்பு. "இன்னிக்கும் நன்னாரி சர்பத் ஏத்தியாச்சு" என்று அக்கா சிரித்துக்கொண்டே வீடு திரும்புவாள். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் சிரிப்பு போகும்.

அவள் வாடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் மஞ்சள் கேப்சூல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் கர்க்குமின், கூடவே கொஞ்சம் மிளகுச் சத்து. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. போதாததற்கு வைட்டமின் ஈ. "நீ படிச்சவன்லா தம்பி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கினாள்.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது ஓர் இளம் மருத்துவர், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தாள். அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "இது எந்தா மாஷே?" என்றார். நான் பெருமையோடு பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி: நாங்கள் ஏற்றுகிற சிவப்பு மருந்து புற்று அணுவை எப்படிக் கொல்கிறது, மாஷுக்குத் தெரியாதா?

தெரியும். பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டுக்கு நானே நடத்திய பாடம். ஆன்டி-ஆக்ஸிடன்டை ஒரு பருவத்தில் நடத்தினேன், உயிரணுச் சாவை வேறொரு பருவத்தில் நடத்தினேன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசைமேல் வைத்துப் பார்த்ததில்லை. அந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஆக்ஸிஜனேற்றம். பள்ளியில் இரும்பு துருப்பிடிப்பதைச் சொல்வார்கள். எனக்கு நினைவு வருவது ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள தோபிகானா. ராணுவத் துணி வெளுப்பதற்காகத் தலைமுறைகளுக்கு முன் கொண்டுவரப்பட்ட நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்குக் கயிற்றில் கிளிப் இல்லாமல் துணியைச் செருகி உலர்த்துவதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணியில் கறை போகப் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களே, அது என்ன செய்கிறது? கறைப் பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானை இழப்பது ஆக்ஸிஜனேற்றம். எலக்ட்ரானைப் பெறுவது ஒடுக்கம். ஒருவர் கொடுத்தால்தான் இன்னொருவர் வாங்க முடியும் என்பதால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும், பேரேட்டில் பற்றும் வரவும் போல. பிளீச் அளவோடு போட்டால் கறை போகும், அளவு மீறினால் துணி கிழியும்.

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் இதே பிளீச்சைத் தயாரிக்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஹைப்போகுளோரஸ் அமிலம் என்று பெயர். உள்ளே விழுங்கிய கிருமியை அதைக் கொண்டுதான் அவை வெளுக்கின்றன. ஆக, ஆக்ஸிஜனேற்றம் என்றாலே கெடுதல் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

மற்ற அணுக்களிலும், சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உலைகளிலிருந்து எலக்ட்ரான்கள் கொஞ்சம் கசியும். கசிந்த எலக்ட்ரான் பிராணவாயுவோடு ஒட்டிக்கொண்டால் சூப்பர் ஆக்ஸைடு, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்று வரிசையாகப் பிறக்கும். புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதே பெராக்ஸைடுதான். வகுப்பில் இவற்றைப் 'பிராணவாயுவின் போக்கிரிப் பிள்ளைகள்' என்று சொல்வேன். இவற்றை அடக்க அணுவுக்குள் குளுட்டாதயோன், தயோரெடாக்ஸின் போன்ற காவலர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆயுதம் கந்தகம். கந்தகத்தோடு ஒட்டிய ஹைட்ரஜனைக் கொடுத்துப் போக்கிரியைச் சாந்தப்படுத்திவிட்டு, தாங்கள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடுவார்கள். பிறகு வேறு நொதிகள் அவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நல்ல நிலையிலுள்ள ஓர் அணுவில், வேலைக்குத் தயாராக நிற்கும் குளுட்டாதயோன் நூறு என்றால், செலவழிந்து கிடப்பது ஒன்று என்ற அளவில் இருக்கும். நெருக்கடி வந்தால் இது பத்துக்கு ஒன்று என்று இறங்கிவிடும். இந்த விகிதத்தை அணு கவனித்துக்கொண்டே இருக்கிறது. கவனித்து என்ன செய்கிறது என்பதுதான் இரண்டாவது பாடம்.

1972-ல் கெர், வைலி, கரீ என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடலில் அணுக்கள் இரண்டு விதமாகச் சாகின்றன என்றார்கள். தீக்காயம் போன்ற விபத்தில் அணு வீங்கி வெடித்து, உள்ளிருப்பதெல்லாம் கொட்டிச் சுற்றுப்புறத்தையும் புண்ணாக்கும். அது ஒரு சாவு. மற்றது அமைதியானது. அணு சுருங்கி, தன் மரபுச் சரத்தைத் தானே துண்டு துண்டாக நறுக்கி, சிறு பொட்டலங்களாகத் தன்னைக் கட்டி வைத்துவிடும். அக்கம்பக்கத்து அணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை. இதற்குப் பெயர் வைக்க அபர்தீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரைக் கேட்டார்களாம். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் 'அபாப்டோஸிஸ்' என்ற சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். கருவில் துடுப்புப் போலிருக்கும் கை, இடையிலுள்ள அணுக்கள் இப்படி உதிர்வதால்தான் ஐந்து விரலாகிறது. தலைப்பிரட்டையின் வால் மறைவதும் இப்படியே. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் உடலணுக்கள் 1090 பிறக்கின்றன, அவற்றில் சரியாக 131 குறித்த நேரத்தில் செத்து 959 மிஞ்சுகின்றன. அதைக் கண்டு, அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களையும் கண்டுபிடித்ததற்காக 2002-ல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். வளர்ந்த மனித உடலில் ஒரு நாளைக்குச் சாகும் அணுக்கள் 5000 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த இலையுதிர்வு நின்றுபோய், சாக வேண்டிய அணு சாகாமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்றுநோய்.

இப்போது இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம்.

தயோரெடாக்ஸின் என்ற காவலனைச் சொன்னேன். போக்கிரிகளை அடக்குவதோடு அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'ஆஸ்க்-1' என்ற ஒரு நொதியை அவன் சதா இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்த நொதி அவிழ்ந்துவிட்டால் அணுவின் சாவுக்கான உத்தரவுகள் வரிசையாகக் கிளம்பும். வேட்டை நாயைக் கழுத்துப் பட்டையில் பிடித்திருக்கும் கூர்க்காவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெராக்ஸைடு கூடி, தயோரெடாக்ஸினின் கந்தகம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் அவன் பிடி நழுவும், நாய் பாயும். 1998-ல் ஜப்பானில் இச்சிஜோ குழுவினர் இதைக் காட்டினார்கள். அணுவின் ஆக்ஸிஜன் நிலையை அளக்கும் கருவியும், சாவு மணி அடிக்கும் கையும் ஒரே ஆளிடம் இருப்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மைட்டோகாண்ட்ரியாவில் இன்னொரு பூட்டு இருக்கிறது. அங்கே சைட்டோகுரோம்-சி என்ற சிறு புரதம் எலக்ட்ரானைக் கைமாற்றி விடும் கூலியாளாக உழைக்கிறது. அது உலைக்குள்ளே இருக்கும்வரை அணுவுக்கு உயிர். வெளியே வந்துவிட்டால் காஸ்பேஸ் என்ற கத்திரிக்கோல் நொதிகள் விழித்துக்கொண்டு அணுவை உள்ளிருந்தே நறுக்கத் தொடங்கும். உயிர் கொடுக்கும் இதே புரதம் சாவையும் கொண்டுவருகிறது என்று 1996-ல் ஷியாவ்டாங் வாங் குழுவினர் சொன்னபோது முதலில் பலர் நம்பவில்லை. சரி, அதை உள்ளே கட்டிவைத்திருப்பது எது? கார்டியோலிப்பின் என்ற ஒரு கொழுப்பு. அந்தக் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால், தேங்காயெண்ணெய் சிக்கெடுத்துப் போவது போலத்தான், கட்டு அவிழ்கிறது. இதை 2005-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ககான் குழுவினர் விளக்கினார்கள்.

அப்படியானால் ஆக்ஸிஜனேற்றம் கூடக் கூடச் சாவும் கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் நுட்பம். காஸ்பேஸ் கத்திரியின் கூர்முனையிலும் கந்தகம்தான் இருக்கிறது. பெராக்ஸைடு அளவு மீறினால் அந்தக் கந்தகமும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கத்திரி மழுங்கிவிடும். 1997-ல் ஸ்வீடனில் ஹாம்ப்டன், ஓரேனியஸ் இருவரும் இதைச் செய்தே பார்த்தார்கள். பெராக்ஸைடு அளவாக இருந்தபோது அணுக்கள் ஒழுங்காக உதிர்ந்தன. அளவு மீறியபோது கத்திரி வேலை செய்யாமல், அணுக்கள் அந்த அமைதியான சாவைச் சாக முடியாமல் வீங்கி வெடிக்கும் சாவைச் செத்தன. மிகக் குறைவாக இருந்தாலோ, பெராக்ஸைடு வெறும் செய்தியாளாக நின்று, பல அணுக்களில் வளர்ச்சியைத் தூண்டுகிறது. ஒரே பொருள்தான், குறைந்தால் வளர்ச்சி, நடுவில் நல்ல சாவு, மிகுந்தால் கெட்ட சாவு. என் தந்தையாருடைய தராசில்கூட இத்தனை துல்லியமான முள் இருந்ததில்லை.

புற்று அணு இந்தத் தராசில் எங்கே நிற்கிறது? ஓயாமல் பெருகுவதால் அதற்குள் போக்கிரிகள் ஏற்கனவே அதிகம். அதைச் சமாளிக்கக் காவலர்களையும் அது கூடுதலாக வைத்துக்கொள்கிறது. கிணற்று விளிம்பில் நிற்பவன் சுவரை இறுகப் பிடித்திருப்பதைப் போல. மருத்துவம் அவனைச் சற்றே தள்ளப் பார்க்கிறது. கதிர் சிகிச்சை தண்ணீரை உடைத்துப் போக்கிரிகளை உண்டாக்கித்தான் பெருமளவு வேலை செய்கிறது. அக்காவுக்கு ஏற்றிய டாக்ஸோரூபிஸின், மரபுச் சரத்தை அறுப்பது ஒரு வழி, அணுவுக்குள் சூப்பர் ஆக்ஸைடைக் கிளப்புவது இன்னொரு வழி. ஒரு கையால் மருத்துவர் தள்ளிக்கொண்டிருக்க, நான் எதிர்ப்பக்கம் நின்று கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேனோ?

அன்றிரவு வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் கிடைத்த ஒரு கட்டுரை என்னை உலுக்கிவிட்டது. 2002-ல் 'கேன்ஸர் ரிஸர்ச்' இதழில் வந்தது. வட கரோலினாவில் நடந்த ஆராய்ச்சி. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் சோமசுந்தரம் என்று நமக்குப் பழகிய பெயராக இருந்தது. மனித மார்பகப் புற்று அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, டாக்ஸோரூபிஸின் உள்ளிட்ட மூன்று கீமோ மருந்துகளைத் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். அணுக்கள் உதிர்ந்தன. கூடவே கர்க்குமினைச் சேர்த்தபோது அந்த உதிர்வு 70 சதவீதம் வரைக்கும் குறைந்துபோயிற்று. கர்க்குமின் போக்கிரிகளை அடக்கிவிட்டது, சாவு உத்தரவு கிளம்பவில்லை. பிறகு எலிகளிலும் பார்த்தார்கள். சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தால் சுருங்க வேண்டிய கட்டி, தீனியில் கர்க்குமின் கலந்து தின்ற எலிகளில் சரியாகச் சுருங்கவில்லை. டாக்ஸோரூபிஸின், சைக்ளோபாஸ்பமைடு: அக்காவின் சீட்டில் எழுதியிருந்த அதே இரண்டு மருந்துகள்.

ஆனால் நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கர்க்குமின் புற்று அணுவைக் கொல்லும் என்பதும் பொய்யல்ல. அதை முதலில் காட்டியவர்களில் நம் அண்டை ஊர்க்காரர்களே இருக்கிறார்கள். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் ராமதாசன் குட்டன் குழுவினர் 1985-லேயே மஞ்சளின் புற்று எதிர்ப்புத் திறனைப் பற்றி எழுதினார்கள். பின்னாளில் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய ரூபி ஜான் ஆன்டோ, அமெரிக்காவில் பரத் அகர்வால் குழுவோடு சேர்ந்து, ரத்தப் புற்று அணுக்களில் கர்க்குமின் எப்படிச் சைட்டோகுரோம்-சியை வெளியே வரவைத்து அவற்றை உதிர்க்கிறது என்று விவரித்தார். அதுவும் அதே 2002-ஆம் ஆண்டுதான்! ஒரே ஆண்டில் ஒரு கட்டுரை கர்க்குமின் கொல்கிறது என்கிறது, மற்றொன்று கொல்லவிடாமல் காக்கிறது என்கிறது. இரண்டும் சரி. எந்த அணு, எந்த அளவு, கூட எந்த மருந்து என்பதைப் பொறுத்து அது தராசின் இந்தத் தட்டிலும் உட்காரும், அந்தத் தட்டிலும் உட்காரும். 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்று டப்பாவில் அச்சடிப்பவருக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது.

மனிதர்களிடம் பார்த்த சோதனைகளும் உண்டு. ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களுக்கு வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம் வந்ததாக 1994-ல் முடிவு வந்தது. 1996-ல் அமெரிக்காவில் இதே போன்ற ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நான் மலரில் புகழ்ந்து எழுதியபோது ஃபின்லாந்து முடிவு வந்துவிட்டது, நான் படிக்கவில்லை. 2014-ல் ஸ்வீடனில் எலிகளைக் கொண்டு காரணத்தைத் துருவிப் பார்த்தார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் கொடுத்தபோது கட்டியின் அணுக்களில் மரபுச் சரச் சேதம் குறைந்தது. சேதம் குறையவே, சேதத்தைக் கண்டு எழுந்து பெருக்கத்தை நிறுத்தும் பி-53 என்ற காவல் புரதமும் அடங்கிப்போயிற்று. நல்ல அணுவைக் காக்கும் குடை கெட்ட அணுவையும் நனையாமல் காத்துவிட்டது.

கீமோ எடுக்கும் மார்பகப் புற்று நோயாளிகள் 1134 பேரிடம் கேட்டறிந்து எழுதிய ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, அறுதியிட்டுச் சொல்லும் பலம் அதற்கு இல்லை என்று ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். அக்காவைப் போன்றவர்கள் விஷயத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

"அப்படியானால் குழம்பில் மஞ்சள் போடலாமா கூடாதா?" என்று இதற்குள் மாமிமார் கேட்டிருப்பீர்கள். கணக்குப் பிள்ளை மகன் கணக்கையே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் தூளில் கர்க்குமின் சுமார் 3 சதவீதம். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமையலில் ஒன்றரை கிராம் மஞ்சள் சேர்ந்தாலும் கர்க்குமின் 45 மில்லிகிராம்தான். அக்கா விழுங்கிய இரண்டு கேப்சூல்களில் 950 மில்லிகிராம். தூளாகச் சொன்னால் 30 கிராமுக்கும் மேல்! அவ்வளவு மஞ்சளைப் போட்ட குழம்பை யாராவது வாயில் வைக்க முடியுமா? அதோடு, வெறும் கர்க்குமின் குடலில் ஒட்டுவதே அபூர்வம், பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். அதனால்தான் கேப்சூலில் மிளகைச் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் கர்க்குமினோடு மிளகின் காரமான பைப்பரினை 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்துக் கொடுத்ததில், ரத்தத்தில் கர்க்குமின் சுமார் 20 மடங்கு ஏறியது. மட்டாஞ்சேரி வியாபாரிகளுக்கு இனிப்பான செய்திதான். ஆனால் பைப்பரின் இதைச் சாதிப்பது, மருந்துகளை மாற்றி வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளைத் தடுப்பதன் மூலம். மஞ்சளுக்கு வழிவிடுகிற அந்த நொதி கீமோ மருந்துக்கும் வழி மாற்றிவிடலாம். மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மாமிமாரே, ரசத்திலும் கூட்டிலும் வழக்கம்போல் போடுங்கள். இந்த வழக்கு டப்பாவின் மேல்தான், அஞ்சறைப் பெட்டியின் மேல் அல்ல.

அந்த இளம் மருத்துவர் அன்று கோபப்படவில்லை. இரண்டு டப்பாக்களையும் மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு, சிகிச்சை முடியும்வரை வேண்டாம், அதற்குப் பிறகும் என்னைக் கேட்டுவிட்டு என்றார். வீடு திரும்பும் வழியில் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆட்டோவில் பேசாமலே வந்தேன். தோப்பும்படி தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் நல்லா இருக்கணும்னுதான வாங்கிக் குடுத்த?"

"தப்பாப் போச்சுக்கா."

"போச்சுன்னா போச்சு. இனிமே அந்தப் பையன் சொல்றதக் கேப்போம். உன் புஸ்தகத்தையும் கொஞ்சம் தூசி தட்டிப் பாரு."

இரண்டு கீமோக் காலம், நாற்பது நாளுக்கு மேல் அந்தக் கேப்சூல்கள் அவள் உடம்புக்குள் போயின. அவை ஏதாவது கெடுத்தனவா, ஒன்றுமே செய்யாமல் கழிந்துபோயினவா என்று எந்த ரத்தப் பரிசோதனையாலும் எனக்குச் சொல்ல முடியாது. மிச்சச் சிகிச்சையெல்லாம் மாத்திரையில்லாமல் நடந்தது, கதிர் சிகிச்சையும் முடிந்தது. அக்கா இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்குப் போகும் நாளில் நான் முதல் நாள் இரவு தூங்குவதில்லை. அவள் குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

சங்க வராந்தாவில் கேட்ட அன்பரைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். மனைவி சாப்பிடும் எல்லாவற்றையும், டப்பா, லேகியம், ஊரிலிருந்து வந்த பொடி என்று ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தாராம். பட்டியலில் பதினொரு அயிட்டம் இருந்ததாம். மருத்துவர் நான்கை அடித்துவிட்டார். மஞ்சள் கேப்சூல் அதில் முதலாவது.